புங்காசாய் மேடைக்கு அனிமே பாட்டு: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

கேள்வி — 2025 ஜூன் 14

என் மகன் யோகோஹாமால ஹைஸ்கூல் முதல் வருஷம். ஏப்ரல்ல கேயோன் கிளப்ல, அதாவது பேண்டு வாசிக்கிற பசங்களோட கிளப்ல சேந்தான், பேஸ் வாசிக்கிறான். செப்டம்பர் நடுவுல புங்காசாய், அதான் ஸ்கூல் கலை விழா. அஞ்சு பேர் பேண்டு: ரெண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ், பாட ஒரு பொண்ணு. 15 நிமிஷம் மேடை. ஜூலை கடைசில கிளப்புக்குள்ள ஆடிஷன். அனிமே பாட்டு தான்னு அஞ்சு பேரும் ஒத்துக்கிட்டாங்க, எந்தப் பாட்டுன்னு தான் ரெண்டு வாரமா சண்டை. ஒருத்தன் யோஆசோபியோட ‘ஐடல்’ங்குறான். என் மகன் ‘ஸ்பை ஃபேமிலி’ல வர்ற ‘மிக்ஸ்ட் நட்ஸ்’ தான்னு நிக்கிறான். டிரம்ஸ் பையன் குச்சியப் பிடிச்சே ரெண்டு மாசம் தான் ஆகுது, பாடுற பொண்ணுக்குக் குரல் கொஞ்சம் கனம். எதை எடுத்தா உருப்படும்?

ஜூன் 14, இரவு 11.20

நான் படிச்சது டோக்கியோல ஒரு அரசு ஹைஸ்கூல், 2015 ஏப்ரல்ல இருந்து 2018 மார்ச் வரைக்கும், மூணு வருஷமும் கேயோன்ல டிரம்ஸ். வீடு நிஷி-கசாய்ல. மூணு புங்காசாய் மேடை ஏறியிருக்கேன், அதுல ஒண்ணு ஊத்திக்கிச்சு, ஒண்ணு இன்னைக்கு நெனச்சாலும் சிலிர்க்கும், இன்னொண்ணு பரவால்ல.

ஐடல் வேணாம் அக்கா. மிக்ஸ்ட் நட்ஸும் இந்த வருஷம் வேணாம். ஏன்னு நாளைக்கு எழுதுறேன். அதுக்குள்ள தம்பிகிட்ட இதக் கேட்டு வைங்க: 15 நிமிஷங்கறது தென்கானோட சேத்தா சேக்காமலா? அதாவது முந்தின பேண்டு எறங்கி இவங்க ஏறி ஒயர் மாட்டுற நேரமும் அதுக்குள்ளயா? அப்புறம் மேடை ஜிம்முலயா, அதாவது ஸ்கூலோட பெரிய விளையாட்டு ஹால்லயா, இல்ல கிளாஸ் ரூம்லயா? இந்த ரெண்டும் தெரியாம பாட்டு எடுக்கக் கூடாது.

ஜூன் 15

சரி, எனக்குத் தெரிஞ்ச முதல் விஷயம். அனிமே ஓப்பனிங் டிவில வர்றது ஒண்ணரை நிமிஷம். ஜப்பான்ல இத டிவி சைஸ்னு சொல்லுவாங்க. முழுப் பாட்டு நாலு நிமிஷத்துக்குப் பக்கம் ஓடும். ஜிம்முல உக்காந்திருக்குற கூட்டத்துல முக்காவாசிப் பேருக்குத் தெரிஞ்சது அந்த ஒண்ணரை நிமிஷம் மட்டும் தான். ஏ-மெலோ, அதாவது பாட்டு தொடங்குற பகுதி, பி-மெலோ, அதாவது சாபிக்குக் கொண்டு போற பகுதி, அப்புறம் சாபி. சாபின்னா நம்ம பாட்டுல பல்லவி வந்து விழுற மாதிரி, எல்லாரும் வாயசைக்கிற இடம். முதல் சாபி முடிஞ்சதும் டிவில பாட்டு முடிஞ்சிரும். மேடைல அதுக்கப்புறம் ரெண்டாவது ஏ-மெலோ வரும், அங்க கை தட்டுறது அப்படியே அடங்கும், பின்னாடி வரிசைல பேச்சு ஆரம்பிக்கும், மொபைல் வெளிய வரும். நான் டிரம்ஸ் பின்னாடி உக்காந்து இதை மூணு வருஷம் பாத்திருக்கேன், ஏதோ ஸ்விட்ச் போட்ட மாதிரி நடக்கும்.

அதனால என் கணக்கு, கூட்டத்துக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டா எடு, ரெண்டாவது சரணத்தை வெட்டு. முதல் சாபி, அங்கருந்து நேரா கிட்டார் சோலோ, ஒச்சி-சாபி (வாத்தியம் அடங்கி மெதுவா வர்ற சாபி), கடைசி சாபி. மூணு நிமிஷம் வராது. 15 நிமிஷத்துல மூணு பாட்டும் பேசுறதும் அடங்கிரும். புங்காசாய்க்கு வர்றவங்க அனிமே பாக்குறவங்க மட்டும் இல்ல. அப்பா அம்மா வருவாங்க, டீச்சருங்க இருப்பாங்க, அடுத்த வருஷம் எந்த ஸ்கூல்ல சேரலாம்னு வேவு பாக்க ஜூனியர் ஹைஸ்கூல் பசங்க வருவாங்க. அந்த எல்லாத் தலைமுறையும் தெரிஞ்ச பாட்டுன்னா இவாஞ்செலியன் ஓப்பனிங், 1995-ல வந்தது. அது ஆரம்பிச்சா வாசல்ல செருப்பு மாத்திட்டு இருக்குறவர் கூட உள்ள எட்டிப் பாப்பார்.

கேயோன் பசங்க எல்லாரும் முதல்ல கைவைக்கிற பட்டியலும் சொல்றேன். கே-ஆன் ஓப்பனிங் ‘டோன்ட் சே லேசி’. ஹருஹில வர்ற ‘காட் நோஸ்’. நருத்தோ ஷிப்புடென்ல ‘புளூ பேர்ட்’, ‘சிலுவெட்’. 2001-ல ஸோன் பேண்டு பாடி, 2011-ல அனோஹானா எண்டிங்கா திரும்பி வந்த ‘சீக்ரெட் பேஸ்’. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்ல ‘ரீரைட்’. இப்போ போச்சி த ராக் பாட்டுங்க.

ஜூன் 15, கொஞ்ச நேரம் கழிச்சு

திருத்தம்: ‘டோன்ட் சே லேசி’ எண்டிங், ஓப்பனிங் இல்ல. 2009 முதல் சீசன் ஓப்பனிங் ‘ககயகே கேர்ள்ஸ்’. ககயகேயோட வேகமும் கீபோர்டும் சேந்தா புதுசா சேந்த பேண்டுக்குக் கஷ்டம், டோன்ட் சே லேசி பரவால்ல. மாத்திச் சொல்லி யாராவது ககயகே ஸ்கோர், அதாவது இசைக்குறிப்பு, வாங்கிட்டா அம்போ, அதான் உடனே எழுதுறேன்.

ஜூன் 18

ஐடல் ஏன் வேணாம்?

யோஆசோபி பேண்டு இல்ல அக்கா. ரெண்டு பேர். ஒருத்தர் கம்ப்யூட்டர்ல பாட்டு கட்டுறாரு, ஒருத்தர் பாடுறாங்க. ஐடல் 2023 ஏப்ரல்ல வந்து, அமெரிக்காவைச் சேக்காத பில்போர்டு உலகப் பட்டியல்ல ஜப்பானிய மொழிப் பாட்டு ஒண்ணு முதல் முறையா முதல் இடம் புடிச்சதுன்னா அது தான். எல்லாருக்கும் தெரியும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்தப் பாட்டக் கண்ண மூடிக் கேளுங்க, உங்க காதுல விழுறதுல கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் எவ்வளவு? சிந்தசைசர், கோரஸ் கூட்டம், நடுவுல ராப், சுருதி பல இடத்துல மாறுது. அஞ்சு பேர் வாசிச்சா பாதிப் பாட்டு காணாமப் போயிரும்.

அதுக்குத் தோகின்னு ஒரு வழி இருக்கு. வாசிக்க முடியாத சத்தத்தை எல்லாம் லேப்டாப்ல ஓட விட்டு அதோட சேந்து வாசிக்கிறது. அப்படிப் பண்ணா டிரம்ஸ் வாசிக்கிறவன் காதுல கிளிக், அதாவது தாளத்தக் காட்டுற டிக்-டிக் சத்தம், ஓடணும், ஒரு தட்டு தப்புனா அஞ்சு பேரும் சேந்து மிஷினுக்குப் பின்னாடி ஓடணும், மிஷின் நிக்காது. ரெண்டு மாசம் பழகுன பையனை அந்த நாற்காலில உக்கார வைக்கிறது பாவம்.

மிக்ஸ்ட் நட்ஸ் வேற கதை. அது பேண்டு வாசிக்கிற பாட்டு தான், ஆனா பேஸ் ஜாஸ் மாதிரி நிக்காம ஓடிட்டே இருக்கும், அதுவும் நல்ல வேகத்துல. தம்பி கேக்குறது ஏன்னு புரியுது, பேஸ் வாசிக்கிறவன் ஒவ்வொருத்தனும் அந்தப் பாட்டக் கேட்டா கை துறுதுறுங்கும். வாசிக்கட்டும். ரெண்டாவது வருஷம் வாசிக்கட்டும்.

ஜூன் 21

ஊத்திக்கிட்டதச் சொல்லணும். அது சொல்லாம மத்தது எதுவும் புரியாது.

2016, நான் ரெண்டாவது வருஷம். ஆகஸ்ட் கடைசில ‘கிமி நோ நா வா’ படம் வந்துச்சு. ரெண்டே வாரத்துல ஸ்கூல் முழுக்க அந்தப் படத்துக்குப் பாட்டு போட்ட ராட்விம்ப்ஸ் பேண்டு தான், காரிடர்ல ஷூ அலமாரி பக்கத்துல எல்லாம் ‘ஸென்ஸென்ஸென்ஸே’ முணுமுணுப்பு. எங்க புங்காசாய் அக்டோபர்ல. ஆறு வாரம் பழகிட்டிருந்த செட்ட அப்படியே தூக்கிப் போட்டுட்டு இத எடுத்தோம். கூட்டத்துக்குத் தெரிஞ்ச பாட்டு வேணும்னு சத்தமாச் சொன்னது நான் தான். அன்னைக்கு மேடை ஏறுன பேண்டுங்கள்ல நாலு அதே பாட்டு. நாங்க மூணாவது. எங்களுக்கு முன்னாடி ரெண்டு தடவை கேட்டு முடிச்ச கூட்டம் எங்க முன்னாடி உக்காந்திருந்துச்சு.

அது கூடப் பரவால்ல. அந்தப் பாட்டு வேகம் 190. நிமிஷத்துக்கு 190 தட்டு, பாதிப் பாட்டுக்கு கால் நிக்காம பேஸ் டிரம் மிதிச்சுட்டே இருக்கணும். வீட்டுல நான் ஜம்ப்புங்குற தடி மங்கா இதழ் நாலஞ்ச அடுக்கி மேல துண்டு போட்டு அதுல தான் பழகுவேன், அடுக்குமாடி வீடு, கீழ் வீட்டுக்குக் கேக்கக் கூடாது. கை பழகிருச்சு, கால் பழகல. மேடைல ரெண்டாவது சாபிலயே கணுக்கால் இறுகிப் போச்சு.

அப்புறம் ஜிம். ஜிம்மோட பின் சுவர் மேடைல இருந்து 30 மீட்டர்னு வைங்க. நான் அடிச்ச ஸ்னேர் டிரம் சத்தம் போய்ட்டுத் திரும்பி வர 60 மீட்டர், கிட்டத்தட்ட 0.18 செகண்டு. 190 வேகத்துல அரைத் தட்டுங்கறது 0.16 செகண்டு. புரியுதா? நான் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பின்னாடி, அரைத் தட்டுல கொஞ்சம் தாமசமா இன்னொருத்தன் அடிக்கிற மாதிரி கேக்கும். கிட்டார் பையன் அந்த எதிரொலியப் புடிச்சுட்டுப் போனான், நான் என் கையப் புடிச்சுட்டுப் போனேன். சேரவே இல்ல. இந்தக் கணக்கெல்லாம் அன்னைக்குத் தெரியாது, காலேஜ் வந்து ஒரு நாள் ஒக்காந்து போட்டுப் பாத்தப்போ தான் அட இதுதானான்னு ஆச்சு.

இதுல ரொம்ப வலிச்சது வேற. எங்க பாடகி. அவ சாதாரணமாப் பேசுனாலே மணி மாதிரி இருக்கும். ஆம்பள பாடுன சுருதிலயே பாடணும்னு நாங்க மூணு பேரும் நின்னோம், மாத்துனா ஒரிஜினல் மாதிரி இருக்காதுன்னு. ஏ-மெலோ அவளுக்கு ரொம்பக் கீழ, குரலே வரல, மைக்ல காத்து தான் வந்துச்சு. எறங்குனதும் அவ எங்க யாரையும் ஒரு வார்த்த சொல்லல. ஆம்ப்பு பின்னாடி உக்காந்து ஒயர சுத்திட்டே இருந்தா, சுத்தி முடிச்சதப் பிரிச்சுத் திரும்பச் சுத்துனா. பாடுறவளுக்கு எந்த இடம் சவுகரியம்னு ஆறு வாரத்துல ஒரு தடவை கூட நாங்க யாரும் கேக்கல. நானும் கேக்கல.

ஜூன் 22

நேத்து எழுதுனத ராத்திரி திரும்பப் படிச்சேன். 15-ஆம் தேதி நான் எழுதுனது தப்பு. முழுத் தப்பு இல்ல, வரிசை தப்பு. கூட்டத்துக்குத் தெரிஞ்ச பாட்டுங்கறத முதல்ல வச்சேன். அது மூணாவது. முதல்ல தொண்டை. ரெண்டாவது டிரம்ஸ்காரனோட கால். இந்த ரெண்டும் தாங்குற பாட்டுக்குள்ள தான் தெரிஞ்ச பாட்டு எதுன்னு தேடணும்.

ஜூன் 22, சாயங்காலம்

“அப்போ யாருக்கும் தெரியாத பாட்டு வாசிக்கலாமா”ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். வாசிக்கலாம். 2017, எங்க கடைசி புங்காசாய், அதோட கிளப்ல இருந்து இன்தாய், மூணாவது வருஷப் பசங்க பரீட்சைக்காக ஒதுங்கிருவாங்க. அதே பாடகி. அந்தத் தடவை பாட்ட அவளே எடுத்தா: ஏஞ்சல் பீட்ஸ்ல வர்ற ‘க்ரோ சாங்’. 2010 அனிமே. முதல் எபிசோட்லயே வரும், மறுபக்கம் ஒரு கூட்டம் பெரிய ஃபேன் போட்டு கான்டீன் டோக்கனப் பறக்க விட, இந்தப் பக்கம் பேண்டு வாசிச்சுட்டு இருக்கும். 2017-ல ஜிம்முல அது யாருக்குத் தெரியும்? முன்வரிசைல ரெண்டு பசங்க மட்டும் எந்திரிச்சு நின்னானுங்க.

ஆனா அந்தப் பாட்டு அவ தொண்டைக்குன்னே தச்சு வச்ச மாதிரி. முதல் வரில ஒரு மாதிரி அமைதி வந்துச்சு பாருங்க, ரெண்டாவது சரணத்துல கூட்டம் கலையும்னு எழுதுனேன்ல, கலையல. நான் வெட்டலாம்னு தான் சொன்னேன், அவ வேணாம்னா, முழுசா வாசிச்சோம். முடிச்சப்போ எங்க ஃபிசிக்ஸ் சார், எதுக்கும் கை தட்டாதவர், ஸ்லிப்பரோட எந்திரிச்சு நின்னு தட்டுனார்.

ஜூன் 29

தம்பி பேண்டு விவரம் அக்கா அனுப்பிருக்காங்க. ஜிம் மேடை. 15 நிமிஷத்துல தென்கானும் சேத்தி, அப்போ வாசிக்க 11, 12 நிமிஷம் தான் கைல. பாடுற பொண்ணோட குரலு கரோக்கேல பாத்தாங்களாம், கீழ நல்லாப் போகுது, மேல இழுத்தா உடையுது. நல்ல வேலை பண்ணாங்க. கரோக்கே மிஷின்ல சுருதி ஏத்தி எறக்குற பட்டன் இருக்கு, ஒவ்வொரு தட்டும் அரைக்கட்டை. நம்ம ஊர்ல கட்டைன்னு சொல்றோம்ல, அதே கணக்கு. பாட்டப் போட்டு, அவளுக்கு எந்த எண்ணுல தொண்டை வலிக்காம சாபி வருதோ அத எழுதி வைங்க. மூணு தடவை தொடர்ந்து பாட வைங்க, ஒரு தடவை வந்தா போதாது, மேடைல மூணாவது பாட்டுல தான் தொண்டை கை விடும்.

அவங்க எடுத்த மூணு பாட்டுக்கும் எழுதி வச்சது: புளூ பேர்ட் ரெண்டு தட்டு கீழ, சீக்ரெட் பேஸ் ரெண்டு தட்டு கீழ, ரீரைட் அப்படியே.

ரீரைட் அப்படியே வரும்னு நானும் நெனச்சேன். ஆசியன் குங்ஃபூ ஜெனரேஷன் பாட்டு, 2004-ல ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டுக்கு நாலாவது ஓப்பனிங்கா வந்தது. ஆம்பளக் குரல்ல கத்திப் பாடுற உச்சி, கனமான பொண்ணுக் குரலுக்கு நெஞ்சுல இருந்து அழகா வரும். எங்க பாடகிக்கு ஆம்பள சுருதி கெடுத்துச்சு, இந்தப் பொண்ணுக்கு அதே தான் பொருந்துது. அதனால பொண்ணு பாடுனா ஏத்து, பையன் பாடுனா எறக்குன்னு யாராவது பொதுவா சொன்னா கேக்காதீங்க. அந்த ஆள் தொண்டையக் கேளுங்க.

எறக்குறது எப்படின்னு தம்பி கேட்டானாம். ஏத்தணும்னா கிட்டார்ல காப்போ, அதாவது கம்பிய அழுத்திப் புடிக்கிற கிளிப், போட்டுக்கலாம். எறக்கணும்னா கம்பியவே தளத்தணும். ஒரு கட்டை எறக்கணும்னா கிட்டார் ரெண்டும் பேஸும் எல்லாக் கம்பியும் ஒரு கட்டை தளத்திட்டா விரல் வைக்கிற இடம் மாறாது, ஸ்கோர்ல இருக்குறத அப்படியே வாசிக்கலாம். பேண்டு ஸ்கோர் ஒரு பாட்டு ஒரு பாட்டாத் தனியா விக்கும், ஆயிரம் யென்னுக்கு உள்ள தான், காதால புடிக்கத் தெரியாதவன் வாங்கிடுறது நல்லது.

ஜூலை 1

முந்தின குறிப்புல ஒரு ஓட்டை. ரீரைட் சாதா டியூனிங், மத்த ரெண்டும் ஒரு கட்டை கீழ. மேடைல நின்னு மூணு பேர் பதினாறு கம்பியத் தளத்திட்டு இருந்தா அதுலயே ரெண்டு நிமிஷம் போயிரும், கூட்டமும் போயிரும். சென்பாய், அதாவது சீனியர், யாருகிட்டயாவது ரெண்டு கிட்டார், ஒரு பேஸ் கடன் கேளுங்க. முன்னாடியே தளத்தி மேடை ஓரத்துல ஸ்டாண்டுல வச்சிரணும். ரீரைட் முதல் பாட்டு, முடிஞ்சதும் பாடகி எம்சி, அதாவது பாட்டுக்கு நடுவுல கூட்டத்தோட, பேசுறப்போ மூணு பேரும் வாத்தியத்த மாத்திக்கணும். அதிகமாத் தளத்துன கம்பி சீக்கிரம் சுருதி வெலகும், அன்னைக்குக் காலைல தளத்தாதீங்க, ஒரு வாரம் முன்னாடியே அந்தச் சுருதிலயே விட்டு வாசிச்சுப் பழகுங்க.

ஜூலை 6

வீடியோ பத்தி. தம்பியோட அப்பா எடுத்து யூடியூப்ல போடலாமான்னு கேள்வி.

மேடைல வாசிக்கிறதுக்குப் பயப்படவே வேணாம். ஜப்பான் காப்பிரைட் சட்டம் 38-ஆம் பிரிவு: லாபத்துக்கு இல்ல, பாக்குறவங்ககிட்ட காசு வாங்கல, வாசிக்கிறவங்களுக்கும் காசு குடுக்கல, இந்த மூணும் இருந்தா ஏற்கனவே வெளியான பாட்ட மேடைல அனுமதி கேக்காம வாசிக்கலாம். புங்காசாய் அப்படித் தான் ஓடுது. உள்ள வர நூறு யென் டிக்கெட் போட்டாலும் கதை மாறிரும், ஜாஸ்ராக் மாதிரி பாட்டு உரிமையப் பாத்துக்குற அமைப்புகிட்ட அனுமதி, கட்டணம்னு போகணும்.

இன்டர்நெட்ல ஏத்துறது அந்த 38-க்குள்ள வராது. யூடியூப் ஜாஸ்ராக்கோட ஒப்பந்தம் போட்டிருக்கு, அதனால அவங்க பட்டியல்ல இருக்குற பாட்ட நீங்களே வாசிச்சுப் போட்டா பொதுவா பிரச்சனை இல்ல. சிடில இருக்குற ஒரிஜினல் சத்தத்த பின்னாடி ஓட விட்டா அது வேற உரிமை, கூடாது. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி ஸ்கூல்கிட்ட கேக்கணும் அக்கா, மத்த நாலு பசங்க வீட்டுலயும் கேக்கணும். மூஞ்சி தெரியுற விஷயம்.

ஜூலை 20

ஆடிஷனுக்கு ஒரு வாரம். தம்பி இன்னும் மனசுக்குள்ள முறைச்சுட்டு இருக்கானாம், மூணு பாட்டுல ஒண்ணு கூட அவன் எடுத்தது இல்லன்னு. நியாயம் தான். அவனுக்கு ரொம்பப் புடிச்சது போச்சி த ராக்னு அக்கா சொன்னாங்க. அப்போ அவன்கிட்ட இதச் சொல்லுங்க: போச்சில பேண்டு வாசிக்கிற நாலு பொண்ணுங்க குடும்பப் பேரு என்ன? கோத்தோ, கிதா, யமாதா, இஜிச்சி. ரீரைட் வாசிக்கிற ஆசியன் குங்ஃபூ ஜெனரேஷன்ல நாலு பேர் பேரும் அதே நாலு. கடைசி எபிசோட் முடியுறப்போ கதாநாயகி போச்சி பாடுறதும் அவங்க பாட்டு ஒண்ணு தான். அவன் வாசிக்கப் போறது போச்சியோட தாத்தா வீட்டுப் பாட்டுன்னு வச்சுக்கலாம்.

இதச் சொல்றப்போ இன்னொண்ணு தோணுச்சு. புங்காசாய் மேடை வர்ற அனிமேல மூண எடுத்துப் பாருங்க. 2006 ஹருஹில, ஸ்கூல் பேண்டு ஒண்ணுல பாடுறவளுக்குத் தொண்டை போச்சு, கிட்டாரிஸ்டுக்குக் கை போச்சு, அதனால தான் ஹருஹி முயல் வேஷத்துலயே மேடை ஏறி காட் நோஸ் பாடுறா. கே-ஆன் முதல் புங்காசாய்ல பாட வேண்டிய யூய் பழகிப் பழகித் தொண்டையக் கெடுத்துக்குறா, கூச்சப்படுற மியோ தலைல வந்து விழுது. 2022 போச்சில பாட்டு நடுவுல கிட்டார் கம்பி அறுந்து போகுது, கிதா பக்கத்துல தனியா வாசிச்சு நேரம் சம்பாதிச்சுக் குடுக்க, போச்சி காலியான சாகே கண்ணாடிக் கப்ப எடுத்துக் கம்பில தேச்சு சோலோவ முடிக்கிறா. மூணு கதைலயும் திட்டம் போட்டபடி எதுவும் நடக்கல. ரெண்டுல போனது தொண்டை. எழுதுனவங்க யாரோ இந்த மேடைல நின்னு பாத்தவங்களோட பேசியிருக்கணும்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

ஆகஸ்ட் கடைசி வாரம் அந்தப் பொண்ணக் கத்திப் பழக விடாதீங்க. பேண்டு மெதுவா வாசிக்கட்டும், அவ முணுமுணுத்தாப் போதும்.

ஜூலை 28

ஆடிஷன் பாஸ்!! அக்கா நேத்து ராத்திரி எழுதுனாங்க. சென்பாய் ஒருத்தர் சொன்னாராம், டிரம்ஸ் மெதுவா இருந்தாலும் ஓடாம இருந்துச்சுன்னு. மூணரை மாசம் பழகுன பையனப் பத்தி இதவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியல, அந்தப் பையன்கிட்ட அத நேர்ல சொல்லுங்க, டிரம்ஸ்காரன்கிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆகஸ்ட் 17

வரிசை பத்தி. ரீரைட், புளூ பேர்ட், சீக்ரெட் பேஸ். ரீரைட் கிட்டார்ல ஆரம்பிக்கும், அதனால முதல் பாட்டுக்கு நல்லது, பாடகிக்கு மூச்சு விட நேரம் இருக்கு. புளூ பேர்ட்ல தான் ஆபத்து. அது முதல் நொடியே குரல், முன்னாடி எதுவும் இல்ல. சுருதி காதுல இல்லாம அவ எங்க இருந்து புடிப்பா? எம்சி முடியுறப்போ ஒரு கிட்டார் அந்த முதல் சுரத்த மெல்ல வாசிக்கணும், கூட்டத்துக்குக் கேட்டாலும் பரவால்ல. அப்புறம் டிரம்ஸ் நாலு குச்சித் தட்டு. இத மட்டும் தனியா இருவது தடவை பழகச் சொல்லுங்க, பாட்டு முழுக்க வேணாம், அந்த அஞ்சு செகண்டு மட்டும்.

சீக்ரெட் பேஸ் கடைசி. மெதுவான பாட்டு, கால் ஓஞ்சு போன பையனுக்கும் தாங்கும், தொண்டை ஓஞ்சவளுக்கும் தாங்கும். பத்து வருஷம் கழிச்சுத் திரும்பப் பாப்போம்ங்குற பாட்டு, கோடை முடியுறப்போ வர்ற பாட்டு, செப்டம்பர்ல அந்த ஜிம்முல அதக் கேட்டா மூணாவது வருஷப் பொண்ணுங்க அழுவாங்க. முழுசா வாசிங்க, இதுல எதையும் வெட்டாதீங்க.

ஜிம்முக்கு ஒரு யோசனை: ரிகர்சல்ல தம்பி நேரா டிரம்ஸ் பக்கத்துல வந்து நிக்கட்டும், சுவர்ல இருந்து வர்றதக் கேக்கக் கூடாது, டிரம்ஸ்காரன் காலைக் கண்ணால பாக்கட்டும். கிட்டார் ஆம்ப்பு ஜேசி-120 தான் இருக்கும், எங்க போனாலும் அது தான், கூடக் கொஞ்சம் சத்தம் குறைச்சு வைக்கணும். கூட்டம் நெறைஞ்சா எதிரொலி கம்மியாகும், காலியா இருக்குறப்போ ரிகர்சல்ல கேட்டதப் பாத்து மிரள வேணாம்.

செப்டம்பர் 15

அக்கா வீடியோ அனுப்பினாங்க, எனக்கு மட்டும், எங்கயும் ஏத்தல. மூணு தடவை பாத்துட்டேன்.

ரீரைட் ஆரம்பம் வேகம் கூடிப் போச்சு, முதல் எட்டு தட்டு. அப்புறம் தம்பி திரும்பி டிரம்ஸ் பக்கம் நிக்குறான், அங்கருந்து சரியாகுது, நல்லாத் தெரியுது. புளூ பேர்டுக்கு முன்னாடி கிட்டார் பையன் சுரம் குடுக்க மறந்துட்டான். பாடகி மைக்க இறக்கி அவனப் பாத்துச் சிரிச்சா, அவன் வாசிச்சான், அவ புடிச்சா. கூட்டத்துல யாரோ கத்துனாங்க, சந்தோஷமா. சீக்ரெட் பேஸ்ல ரெண்டாவது சரணம் வந்தப்போ நான் கூட்டத்தைத் தான் பாத்தேன், பாட்டப் பாக்கல. ஒரு மொபைல் வெளிய வந்துச்சு, மேடையப் படம் எடுக்கத் தான். கடைசி சாபில அந்தப் பொண்ணு குரல் உடைஞ்சுது, ஒரே ஒரு இடத்துல, அது தொண்டை ஓஞ்சு உடைஞ்சது இல்ல.

நான் அந்த வீடியோவ எங்க பாடகிக்கும் அனுப்பலாமான்னு அக்காகிட்ட கேட்டேன், அனுப்புங்கன்னாங்க. அவ இப்போ செண்டாய் ஊர்ல இருக்கா. “இந்தப் பொண்ணுக்கு யாரு சுருதி எறக்கிக் குடுத்தது”ன்னு கேட்டா.

தம்பி நேத்துல இருந்து மிக்ஸ்ட் நட்ஸ் பேஸ் லைன வாசிக்க ஆரம்பிச்சிருக்கானாம். மெட்ரோனோம் 60-ல.